எட்டுப் பக்கத்தில் ஒரு கிரகம்: பழைய அறிவியல் புனைவுக் காமிக்ஸ் படிக்கத் தொடங்குவோருக்கு

எனக்குத் தெரிந்த காமிக்ஸ் நண்பர்களில் பாதிப்பேர் 'வியர்ட் சயின்ஸ்' என்ற பழைய அமெரிக்கக் காமிக்ஸ் இதழின் தொகுதி ஒன்றை ஆசையாக வாங்கி, முப்பது பக்கம் புரட்டிவிட்டு, அலமாரியில் செருகி வைத்திருப்பவர்கள். ஏன் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "யாரைப் பிடித்துக்கொண்டு படிப்பது என்றே தெரியவில்லை."

நியாயமான புகார்தான். நாமெல்லாம் இரும்புக்கை மாயாவியின் கையைப் பிடித்துக்கொண்டு காமிக்ஸுக்குள் வந்தவர்கள். ஒரு முகம் வேண்டும், அந்த முகம் அடுத்த மாதமும் வர வேண்டும். 1950களின் அமெரிக்க அறிவியல் புனைவு இதழ்களில் அது நடக்காது. எட்டுப் பக்கத்துக்கு ஒருமுறை ஆள் மாறிவிடுவான். அதற்குள் பாதி நேரம் செத்தும் போயிருப்பான்.

இத்தனைக்கும் நம் மாயாவியே ஒரு கதம்ப இதழில் பிறந்தவர்தான். 1962-ல் பிரிட்டனில் வெளியான 'வேலியண்ட்' வார இதழில் பல தொடர்களுக்கு நடுவே வாரத்துக்குச் சில பக்கங்கள் என்று வந்தவரைத்தான், 1972-ல் முத்து காமிக்ஸ் முழு நீளக் கதையாக நமக்குத் தந்தது. கதம்பத்திலிருந்து ஒரு பூவை மட்டும் உருவிக் கொடுத்தால் பழக்கம் அப்படித்தான் அமையும்.

கதம்பத்தைக் கதம்பமாகவே படிக்க வேண்டுமென்றால் பிடித்துக்கொள்ள வேறொன்று வேண்டும். என் அனுபவத்தில் அது ஓவியரின் கை. நாயகனை விட்டுவிட்டு, வரைந்த கையைப் பின்தொடர்ந்து போனால் இந்த இதழ்கள் திறந்துகொள்கின்றன. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு நிறுவனத்தில் தொடங்குங்கள்

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இந்த வகை இதழ்களைப் பல பதிப்பகங்கள் போட்டுத் தள்ளின. எல்லாவற்றையும் நுனிப்புல் மேயாமல் ஈ.சி. காமிக்ஸில் தொடங்குங்கள். மேக்ஸ் கெயின்ஸ் என்பவர் பைபிள் கதைகளையும் வரலாற்றுக் கதைகளையும் பிள்ளைகளுக்குப் படக்கதையாகக் கொடுக்க ஆரம்பித்த நிறுவனம் அது. 'ஈ' என்பது அப்போது 'எஜுகேஷனல்'. 1947-ல் அவர் படகு விபத்தில் இறந்துபோக, பொறுப்பு மகன் வில்லியம் கெயின்ஸின் தலையில் விழுந்தது. மகன் ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டைனோடு சேர்ந்து 1950-ல் திகிலுக்கும் அறிவியல் புனைவுக்கும் வண்டியைத் திருப்பினார். 'ஈ' இப்போது 'எண்டர்டெயினிங்' ஆகிவிட்டது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

நமக்கு வேண்டிய இதழ்கள் நான்கு. 'வியர்ட் சயின்ஸ்', 'வியர்ட் ஃபேன்டஸி' இரண்டும் 1950 முதல் 1953 வரை, ஆளுக்கு 22 இதழ்கள். இரண்டும் கைக்காசைத் தின்றதால் 1954-ல் ஒன்றாக்கி 'வியர்ட் சயின்ஸ்-ஃபேன்டஸி' என்று 7 இதழ்கள். பிறகு அதையே பெயர் மாற்றி 'இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்று 4. ஆக 55. இதழுக்கு நான்கு கதை என்று வைத்தாலும் 200-க்கு மேல் வந்துவிடும். பிணங்கள் எழுந்து வரும் திகில் இதழ்கள் சம்பாதித்ததைத்தான் இந்த ராக்கெட் இதழ்கள் செலவழித்தன. ஆனாலும் கெயின்ஸ் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இவற்றைத்தான்.

இரண்டாம் படி: தொகுதியைத் திறக்காமல், ஐந்து கதைகளைத் தேடிப் படியுங்கள்

முதல் தொகுதியின் முதல் பக்கத்தில் ஆரம்பிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. 1950-ன் கதைகள் பலவும் கை பழகாதவை. காலப்பயணம் போனவன் தன்னையே சந்திப்பது, பைத்தியக்கார விஞ்ஞானி எதையோ சுருக்குவது என்று ஒரே மாவில் பல தோசை. இதழ்கள் சூடுபிடிப்பது 1952 வாக்கில்தான். அதனால் நடுவில் குதியுங்கள்.

நான் சிபாரிசு செய்யும் முதல் கதை 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்'. வியர்ட் ஃபேன்டஸி 17-ஆம் இதழ், 1953. அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் ரே பிராட்பரியின் சிறுகதையை வாலி வுட் வரைந்தது. அணுப்போருக்குப் பிறகு ஒரு தானியங்கி வீடு மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. மணி சொல்கிறது, காலை உணவு சமைக்கிறது, சாப்பிட ஆளில்லாமல் அதைக் கழுவி ஊற்றுகிறது. வெளிச்சுவரில் அந்தக் குடும்பத்தின் நிழல்கள் மட்டும் வெந்த சுண்ணாம்பில் பதிந்திருக்கின்றன. நாயகன் இல்லையே என்று குறைப்பட்டவருக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். இதில் மனிதரே இல்லை.

அடுத்து 'மார்ஸ் இஸ் ஹெவன்', வியர்ட் சயின்ஸ் 18. இதுவும் பிராட்பரி, இதுவும் வுட். செவ்வாயில் இறங்கும் ராக்கெட் குழு, அங்கே தாங்கள் சின்ன வயதில் வாழ்ந்த ஊரைப் போன்ற ஓர் ஊரையும், செத்துப்போன சொந்தங்களையும் பார்க்கிறது. இதற்குமேல் சொல்ல மாட்டேன். ராத்திரி படியுங்கள்.

மூன்றாவது 'எ சவுண்ட் ஆஃப் தண்டர்', வியர்ட் சயின்ஸ்-ஃபேன்டஸி 25. டைனோசர் வேட்டைக்காகக் காலத்தில் பின்னே போகும் பணக்காரன் ஒருவன் பாதையைவிட்டு ஒரு அடி தவறி வைக்கிறான். பட்டாம்பூச்சி, இறந்தகாலம் என்று பிற்பாடு சினிமாக்காரர்கள் பிழிந்து எடுத்த விஷயம் இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். வரைந்தவர் அல் வில்லியம்சன். அந்த டைனோசர் காட்டுக்குள்ளிருந்து வெளிப்படும் படத்துக்கு மட்டும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

நான்காவது 'மை வேர்ல்ட்', வியர்ட் சயின்ஸின் கடைசி இதழான 22-ல் வந்தது. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் தன் உலகத்தை நமக்குச் சுற்றிக் காட்டுகிறார்: விண்கலங்கள், பிற கிரக ஜந்துக்கள், இடிந்த நகரங்கள். அந்த 'யாரோ' யார் என்பது கடைசிக் கட்டத்தில் தெரியும். நான் மேலே சொன்ன 'கையைப் பின்தொடர்வது' என்ற யோசனை எனக்கு வந்தது இந்தக் கதையில்தான்.

ஐந்தாவது 'ஜட்ஜ்மெண்ட் டே', வியர்ட் ஃபேன்டஸி 18, 1953. ஃபெல்ட்ஸ்டைன் எழுதி ஜோ ஆர்லாண்டோ வரைந்தது. இதைப் பற்றிக் கடைசியில் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. படித்துவிட்டு வந்தால் நல்லது.

மூன்றாம் படி: பக்கத்தைப் படிக்கும் முறை

பக்கத்தைத் திறந்ததுமே மிரள்வீர்கள். கட்டத்தில் பாதி எழுத்தாக இருக்கும். படம் மூச்சு முட்டிக்கொண்டு கீழே கிடக்கும். சிலர் "இது படக்கதையா, படம் போட்ட கதையா?" என்று கேட்டுவிட்டு மூடிவிடுகிறார்கள்.

அது ஏன் அப்படி என்று தெரிந்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும். தூக்கம் வராத கெயின்ஸ் ராத்திரி முழுக்கச் சிறுகதைகளாகப் படித்துத் தள்ளுவார். காலையில் கருக்களைக் கொண்டுவந்து ஃபெல்ட்ஸ்டைனிடம் கொட்டுவார். இருவரும் ஒன்றைப் பேசி முடித்ததும் ஃபெல்ட்ஸ்டைன் உட்கார்ந்து, ஓவியருக்குப் போக வேண்டிய அட்டையிலேயே கட்டம் பிரித்து வாசகத்தை நேரடியாக எழுதிவிடுவார். அதன்மேல் எழுத்து பதிக்கப்பட்ட பிறகுதான் அட்டை ஓவியரின் கைக்குப் போகும். அதாவது எழுத்து வீட்டைக் கட்டி முடித்துக் குடியேறிய பிறகு, மிச்சமுள்ள அறையில் ஓவியர் பாயை விரிக்க வேண்டும்.

எழுத்தும் கையெழுத்து போல இருக்காது. கட்டட வரைபடம் போடுகிறவர்கள் பயன்படுத்தும் லெராய் என்ற அச்சுக்கருவியை வைத்துப் பதித்தது. அதனால்தான் யாரோ அரசாங்க அறிக்கை வாசிப்பது போன்ற தொனி. எனக்கு முதலில் இது அறவே பிடிக்கவில்லை. இப்போது, ஒரு கிரகமே வெடித்துச் சிதறும் காட்சியை அந்த உணர்ச்சியில்லாத எழுத்தில் வாசிக்கும்போதுதான் முதுகு சில்லிடுகிறது.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். முதல் சுற்றில் எழுத்தை மட்டும் படித்துக்கொண்டு ஓடுங்கள். படத்தை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். கடைசிக் கட்டத்தில் ஒரு அடி விழும். விழுந்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, இந்தமுறை எழுத்தைத் தொடாமல் படத்தை மட்டும் பாருங்கள். நல்ல ஓவியர் அந்த முடிவை இரண்டாம் பக்கத்திலேயே எங்காவது ஒளித்து வைத்திருப்பார்: ஒரு நிழல், திரும்பிக்கொண்ட ஒரு முகம், மூடியே இருக்கும் ஒரு தலைக்கவசம்.

இன்னொன்று, ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம். இது நான் பட்டுத் தெளிந்தது. ஒரு மழைநாளில் ஒரே மூச்சில் பதினாறு கதை படித்தேன். ஏழாவது கதையிலேயே முடிவு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்துவிட்டது, பத்தாவதில் கொட்டாவி. குற்றம் கதைகள்மேல் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 10 சென்ட் கொடுத்து நான்கு கதை வாங்கிப் படித்த பையனுக்காகச் சமைத்ததை நான் பந்தியில் உட்கார்ந்து மொத்தமாக விழுங்கினால் செரிக்குமா?

நடுவில் இரண்டு பக்கம் படமே இல்லாமல் பொடி எழுத்தில் ஒரு கதை வந்தால் பயப்படாதீர்கள். சலுகைக் கட்டணத்தில் தபாலில் அனுப்ப வேண்டுமானால் இதழில் கொஞ்சம் உரைநடை இருந்தாக வேண்டும் என்பது அமெரிக்கத் தபால்துறை விதி. அதற்காகத் திணித்தது. தாண்டிப் போகலாம், பாவமில்லை. அதே இடத்தில் பின்னாளில் வந்த வாசகர் கடிதங்களை மட்டும் தாண்டாதீர்கள்.

நான்காம் படி: கைகளை அடையாளம் காணுங்கள்

இங்கேதான் ருசி. பத்துக் கதை படித்த பிறகு, பெயரைப் பார்க்காமலே வரைந்தவர் யார் என்று சொல்ல முயலுங்கள்.

வாலி வுட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். விண்கலத்தின் உட்புறம் முழுக்கக் குழாய், திருகு, கடிகார முகப்பு, கம்பி என்று இம்மி இடம் விடாமல் நிரப்பியிருப்பார். முகத்தில் ஒளி இரண்டு பக்கமிருந்தும் விழும். இருட்டுக்குள் பொருட்களின் ஓரம் மட்டும் மின்னும். அந்தக் குழாய்களில் முக்கால்வாசி எதற்கும் உதவாதவை. ஆனாலும் அந்தக் கலத்தில் ஏறினால் அது பறக்கும் என்று நம்பிவிடுவோம்.

வில்லியம்சன் நேர்எதிர். வுட் அடைக்கும் இடத்தில் இவர் வெட்டவெளியை விடுவார். அந்நிய கிரகத்தின் பாறை, கொடி, மூடுபனி, நடுவே மெலிந்த உடலோடு ஒரு வீரன். ஈ.சி.யில் சேர்ந்தபோது இருபதைத் தாண்டிய பையன். வேலையை முடிக்க நண்பர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். அவர்களில் ஒருவர் ஃபிராங்க் ஃபிரஸெட்டா. 'ஃபிஃப்டி கேர்ள்ஸ் ஃபிஃப்டி' என்ற கதையில் எந்தக் கோடு யாருடையது என்று இன்றுவரை ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். நீங்களும் கலந்துகொள்ளலாம்.

ஃபிரஸெட்டாவின் தனிக்கையைப் பார்க்க, வியர்ட் சயின்ஸ்-ஃபேன்டஸி 29-ன் அட்டைப்படம் போதும். வேறொரு இதழுக்காக பக் ரோஜர்ஸ் என்ற விண்வெளி நாயகனை வைத்து அவர் வரைந்தது அது. வன்முறை அதிகம் என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். லேசாக மாற்றி கெயின்ஸிடம் கொடுத்தார். ஆதிகால மனிதர்களுக்கு எதிராக ஒருவன் மல்லுக்கட்டும் அந்தப் படத்தை ஈ.சி.யின் ஆகச்சிறந்த அட்டை என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

ஜோ ஆர்லாண்டோ ஆரம்பத்தில் வுட்டின் நிழலில் வரைந்தவர். போகப்போகத் தன் கையைக் கண்டுகொண்டார். ஜாக் கேமனின் பெண்கள் எல்லாரும் துணிக்கடை விளம்பரத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் போலிருப்பார்கள். அதனாலேயே, புருஷன் பெண்டாட்டி ஒருவரையொருவர் ஏமாற்றும் கதைகளை அவருக்கே தள்ளிவிடுவார்கள். பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் அபூர்வமாகத்தான் இந்தப் பக்கம் வருவார். 'த ஃபிளையிங் மெஷின்' கதையில் பழைய சீன ஓவியத்தின் சாயலில் அவர் போட்ட கோடுகளைப் பார்த்தால், இவர் தவறிப்போய் இந்தத் தெருவுக்குள் நுழைந்துவிட்டாரோ என்று தோன்றும்.

நிறத்துக்கு மேரி செவரின். புள்ளிபுள்ளியாக அச்சாகும் மலிவுத் தாளில், எதைப் பளிச்சென்று காட்ட வேண்டும், எதை ஒரே நீலத்தில் முக்கி அடக்க வேண்டும் என்று தெரிந்த கை.

ஐந்தாம் படி: எண் குழப்பத்தில் சிக்காதீர்கள்

இது கொஞ்சம் வறட்டு விஷயம்தான், ஆனால் காசு சம்பந்தப்பட்டது.

வியர்ட் சயின்ஸின் முதல் இதழில் எண் 1 என்று இருக்காது. 12 என்று இருக்கும். வியர்ட் ஃபேன்டஸியின் முதல் இதழ் 13. புதிய இதழென்றால் தபால் சலுகைக்குப் புதிதாகப் பணம் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்க, நின்றுபோன காதல் கதை இதழ்களின் எண்களையே தொடர்ந்துவிட்டார்கள். காதல் முடிந்த இடத்தில் ராக்கெட் கிளம்பியது! தபால்துறை கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்ட பிறகு, உண்மையில் எத்தனை இதழ் வந்திருந்ததோ அதைக் கணக்கிட்டு எண்ணைத் திருத்தினார்கள். ஆகவே வியர்ட் சயின்ஸ் 12, 13, 14, 15 என்று போய், அடுத்தது 5. வியர்ட் ஃபேன்டஸி 13 முதல் 17 வரை போய், அடுத்தது 6.

இதன் விளைவு, வியர்ட் ஃபேன்டஸியில் 13-ஆம் எண் இரண்டு உண்டு. ஒன்று 1950, இன்னொன்று 1952. இரண்டாவதில்தான் 'ஹோம் டு ஸ்டே' என்ற புகழ்பெற்ற கதை இருக்கிறது. நான் அட்டவணையில் 13 என்று பார்த்து, "ஆஹா, முதல் இதழே அதுதானா" என்று முதல் தொகுதியை வாங்கிவிட்டேன். பார்சலைப் பிரித்துத் தேடு தேடென்று தேடினேன். கதை மூன்றாம் தொகுதியில் இருந்தது. எண்ணோடு ஆண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கதையின் பின்கதை படித்த கதையைவிட ருசியானது. பிராட்பரியின் இரண்டு சிறுகதைகளை அனுமதி கேட்காமல் ஒன்றாக ஒட்டி எழுதப்பட்டது அது. பிராட்பரி பார்த்துவிட்டார். வக்கீல் நோட்டீஸ் வரவில்லை. அதற்குப் பதில் தேன் தடவிய ஒரு கடிதம் வந்தது: என் இரண்டு கதைகளைப் பயன்படுத்தியதற்கான 50 டாலர் காசோலையை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருக்கும் என்கிற தோரணையில். கெயின்ஸ் மறுபேச்சில்லாமல் அனுப்பினார். பிறகு முறையான அனுமதியோடு பிராட்பரி கதைகள் வரிசையாக வந்தன. மேலே நான் சொன்ன முதல் மூன்று கதைகளும் அந்தக் கடிதத்தால் விளைந்தவை.

ஆறாம் படி: எதை வாங்குவது

1950களின் அசல் இதழ்களை மறந்துவிடுங்கள். அது சேகரிப்பாளர்களின் சந்தை. வாசகனுக்கு அங்கே வேலையில்லை. மறுபதிப்பில் மூன்று வழி உண்டு.

ஒன்று, டார்க் ஹார்ஸ் வெளியிடும் 'ஈ.சி. ஆர்கைவ்ஸ்' கெட்டி அட்டைத் தொகுதிகள். தொகுதிக்கு ஆறு இதழ் வாக்கில், வண்ணத்தில், முழுமையாக இருக்கும். ஆனால் கணினியில் புதிதாக ஏற்றிய வண்ணம். வழவழ தாளில் சாயம் வழிகிறாற்போல எனக்குப் படும். மேரி செவரினின் அடக்கம் அங்கே இல்லை. மின்பதிப்பாகவும் கிடைக்கிறது.

இரண்டு, ஃபேன்டாகிராஃபிக்ஸ் நிறுவனம் ஓவியர்வாரியாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளையில் போடும் வரிசை. வுட்டுக்கு ஒன்று, வில்லியம்சனுக்கு ஒன்று, ஆர்லாண்டோவுக்கு ஒன்று. 2022-ல் பிராட்பரி கதைகளை மட்டும் திரட்டி 'ஹோம் டு ஸ்டே' என்ற பெயரிலேயே ஒரு பெரிய தொகுதியும் கொண்டுவந்தார்கள். கையைப் பின்தொடரச் சொல்கிறவன் எதைச் சிபாரிசு செய்வேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கறுப்பு வெள்ளையில்தான் கோடு தெரியும். ஒன்றே ஒன்று வாங்க வசதியென்றால் வுட் தொகுதி.

மூன்று, 1990களில் தனித்தனி இதழ்களாக வந்த மறுபதிப்புகள். இவை பழைய புத்தகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். விளம்பரத்தையும் கடிதப் பக்கத்தையும் பழைய நடையிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஏற்றவை. எண் 1-லிருந்து 22 வரை ஒழுங்காகப் போகும், மேலே சொன்ன குழப்பம் கிடையாது. இணையத்தில் சிலர் இதையே அசல் என்று விலை ஏற்றி வைத்திருப்பார்கள். அட்டையின் விலையைப் பாருங்கள். 10 சென்ட் என்றிருக்க வேண்டிய மூலையில் டாலர் கணக்கு இருந்தால் முடிந்தது விஷயம்.

எந்த இதழில் எந்தக் கதை, யார் வரைந்தது என்று பார்க்க 'கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்' என்ற இணைய அட்டவணை இலவசமாக இருக்கிறது. வாங்கும் முன் அங்கே ஒரு பார்வை.

ஏழாம் படி: பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியவை

அறிவியல் அரைவேக்காடு. வெள்ளிக் கிரகத்தில் காடு, செவ்வாயில் கால்வாய். பெண்கள் பெரும்பாலும் அலறுவார்கள், இல்லையென்றால் ஏமாற்றுவார்கள். விண்வெளிக்குப் போகும் உடை அவர்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு சிக்கனம் என்று கேட்கக் கூடாது. ஆச்சரியக்குறி மூட்டை மூட்டையாக இறங்கும்.

எட்டாம் படி: 'ஜட்ஜ்மெண்ட் டே'யை இரண்டாம் முறை படியுங்கள்

இன்னும் படிக்கவில்லை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

டார்ல்டன் என்ற பூமியின் பிரதிநிதி, எந்திர மனிதர்கள் மட்டும் வாழும் சைப்ரினியா கிரகத்துக்கு வருகிறான். அண்டக் குடியரசில் சேர அவர்களுக்குத் தகுதி வந்துவிட்டதா என்று சோதிக்க வேண்டும். அங்கே ஆரஞ்சு நிற எந்திரங்கள் ஒரு பக்கம், நீல நிற எந்திரங்கள் இன்னொரு பக்கம். உள்ளே இருக்கும் பாகங்கள் அச்சு அசல் ஒன்றே. மேல்தகடு மட்டும் வேறு. நீலத்துக்குத் தனிக்குடியிருப்பு, தாழ்ந்த வேலை, பேருந்தில் பின்இருக்கை. இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லிவிட்டு டார்ல்டன் கலத்துக்குத் திரும்பி, கதை முழுக்கக் கழற்றாத தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். கறுப்பினத்தவன். அவன் முகத்து வியர்வைத்துளிகள் தூரத்து நட்சத்திரங்களைப் போல் மின்னுகின்றன. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பேருந்தில் கறுப்பினத்தவர் பின்னால்தான் உட்கார வேண்டும் என்றிருந்த 1953-ல் வந்த கதை. சேரியும் தனிக்குவளையும் தெரிந்த நமக்கு அந்த ஆரஞ்சு-நீலக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே காமிக்ஸுக்குக் கெட்டகாலம். படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாம் புத்தகம் போட்டார். 1954 ஏப்ரலில் கெயின்ஸ் செனட் துணைக்குழுவின் முன் சாட்சி சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பதிப்பாளர்கள் தாங்களே சேர்ந்து தணிக்கை விதிகளை வகுத்தார்கள். தணிக்கை முத்திரை இல்லாத இதழைக் கடைக்காரர்கள் தொட மறுத்தார்கள். திகில் இதழ்கள் ஒழிந்தன. அவை போட்ட சோற்றில் வளர்ந்த அறிவியல் இதழும் ஊசலாடியது.

இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன் 33-க்காகத் தயாரான ஒரு கதையைத் தணிக்கை மறுத்தது. அந்த இடத்தை நிரப்பப் பழைய 'ஜட்ஜ்மெண்ட் டே'யை எடுத்து அனுப்பினார்கள். தணிக்கைத் தலைவராக இருந்த நீதிபதி சார்லஸ் மர்ஃபி, கடைசிக் கட்டத்து மனிதன் கறுப்பனாக இருக்கக் கூடாது என்றார். கதையின் உயிரே அங்கேதானே இருக்கிறது! ஃபெல்ட்ஸ்டைன் வாதாடினார். கெயின்ஸ் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி நாறடித்துவிடுவேன் என்று மிரட்டினார். சரி, அந்த வியர்வைத்துளிகளையாவது எடுத்துவிடுங்கள் என்று இறங்கி வந்தார் நீதிபதி. கெயின்ஸ் அச்சிட முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். வியர்வையோடுதான் அச்சானது. 1956 ஜனவரி-பிப்ரவரி தேதியிட்ட அந்த இதழோடு ஈ.சி. காமிக்ஸ் இதழ்களை நிறுத்திவிட்டு, கையில் மிஞ்சிய 'மேட்' நகைச்சுவைப் பத்திரிகையோடு கெயின்ஸ் பிழைத்துக்கொண்டார்.

இப்போது கதையைத் திரும்பப் படியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆர்லாண்டோ அந்தத் தலைக்கவசத்தை எப்படிக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார் என்று மட்டும் பாருங்கள்.

அடுத்த வீடுகள்

ஈ.சி. பழகிவிட்டால் மற்ற வீடுகளுக்கும் போய்வரலாம். பைசா செலவில்லாமல் படிக்க, ஃபிக்‌ஷன் ஹவுஸ் 1940 முதல் 1953 வரை வெளியிட்ட 'பிளானட் காமிக்ஸ்' இருக்கிறது. மொத்தம் 73 இதழ்கள். உரிமைக்காலம் முடிந்து பொதுச்சொத்தாகிவிட்டதால் 'டிஜிட்டல் காமிக் மியூசியம்' தளத்தில் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். கதை சுமார்தான், அட்டைப்படங்கள் அமர்க்களம்.

டி.சி. நிறுவனத்தின் 'ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ்', 'மிஸ்டரி இன் ஸ்பேஸ்' இரண்டும் கொஞ்சம் சமர்த்துப் பிள்ளைகள். ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் முன்பு அறிவியல் புனைவு எழுத்தாளர்களின் முகவராக இருந்தவர். பிராட்பரிக்கும் முகவர் இவரே. முதலில் அட்டைப்படத்தை யோசித்து வரையச் சொல்லிவிட்டு, பிறகு அதற்கேற்ற கதையைக் கேட்பது இவர் வழக்கம். 1951-ல் ஒரு கொரில்லா படம் போட்ட அட்டை நன்றாக விற்றுவிட, அதன்பின் எங்கு பார்த்தாலும் கொரில்லா. சிந்திக்கும் கொரில்லா, பேசும் கொரில்லா. சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

இன்னும் கிட்டத்தில் வர வேண்டுமென்றால் பிரிட்டனின் '2000 ஏ.டி.' வார இதழ், 1977-ல் தொடங்கியது. அதில் 'ஃப்யூச்சர் ஷாக்ஸ்' என்ற தலைப்பில் வரும் குட்டிக்கதைகள் ஈ.சி.யின் பேரப்பிள்ளைகள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் கை பழகியது அங்கேதான். வாழ்க்கையைக் கல்லறையிலிருந்து தொட்டில்வரை பின்னோக்கி வாழும் ஒருவனைப் பற்றிய 'த ரிவர்ஸிபிள் மேன்' கதையைத் தேடிப் பிடியுங்கள்.

மார்வெலைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஸ்டான் லீ, ஜாக் கெர்பி, ஸ்டீவ் டிட்கோ கூட்டணி சூப்பர் ஹீரோக்களுக்கு முன் வாய்க்கு வந்த பெயரையெல்லாம் வைத்து ராட்சசர்களைப் படைத்துக்கொண்டிருந்தது. இன்று எல்லாருக்கும் செல்லமான குரூட், 1960-ல் 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்' 13-ல் பூமியைப் பிடிக்க வந்த மர அரக்கனாக அறிமுகமானவன். அதே கூட்டணியின் கதம்ப இதழான 'அமேசிங் ஃபேன்டஸி' 1962 ஆகஸ்டில் 15-ஆம் இதழோடு நின்றது. அந்த இதழின் முதல் கதை ஸ்பைடர்மேன். அதற்குப் பின்னால் டிட்கோ வரைந்த குட்டிக்கதைகள் இன்னும் மூன்று இருக்கின்றன: ஒரு கோயில் மணியடிப்பவன், ஒரு மம்மிப் பெட்டி, நம்மிடையே ஒளிந்திருக்கும் செவ்வாய்க்காரர்கள். பெரும்பாலான மறுபதிப்புகளில் நாயகனின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைக் கத்தரித்துவிடுகிறார்கள். பழைய இதழை அப்படியே அச்சிட்ட நகல் பதிப்பாகக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.